வேலையில்லாதோரை எண்ணிய கதை

இந்தியாவில் 1999-2000-ஆம் ஆண்டில் வேலையில்லாமல் இருந்தவர்கள் எத்தனை பேர்? பள்ளிக்கூடக் கணக்குப் போலத் தோன்றும் இந்தக் கேள்விக்கு அரசாங்க ஏடுகளிலேயே மூன்று விடைகள் இருக்கின்றன. முதல் விடை ஏறத்தாழ 90 லட்சம். இரண்டாவது, 2 கோடியே 66 லட்சம். மூன்றாவது, 4 கோடிக்கும் மேல். மூன்றையும் வெளியிட்டவை அரசாங்க அலுவலகங்களே. அச்சுப் பிழை ஏதுமில்லை.

கல்லூரியின் கடைசி ஆண்டில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டம் பெற்றபின் உங்களுக்கு வேலை கிடைக்குமா என்பதே உங்கள் கவலை. நாளேட்டில் ‘வேலையில்லாதோர் விகிதம் இவ்வளவு’ என்று ஒரு செய்தி வருகிறது. அது உங்கள் கவலைக்கு விடை சொல்லுகிறதா? இதை அறிய வேண்டுமானால் அந்த எண் எப்படிப் பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்று சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

எண்ணத் தொடங்கிய நாள்

1873-ல் அமெரிக்காவில் பெரும் நிதி நெருக்கடி ஒன்று ஏற்பட்டது. ஆலைகள் மூடப்பட்டன. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மட்டும் இரண்டு மூன்று லட்சம் பேர் வேலையின்றித் தவிப்பதாகப் பேச்சு அடிபட்டது. அம்மாநிலத்தின் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத் தலைவராக இருந்தவர் கரோல் ரைட். ஊர் வாயை நம்புவதைவிட எண்ணிப் பார்த்துவிடுவது மேல் என்று முடிவு செய்தார். 1878-ல் எண்ணிப் பார்த்தபோது ஏறத்தாழ 22,000 என்று விடை வந்தது.

இரண்டு லட்சம் எங்கே, 22,000 எங்கே? ஊர்ப் பேச்சு மிகையானதுதான். ஆனால் ரைட் வைத்த அளவுகோலையும் கவனியுங்கள். பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட, உடல் வலுவுள்ள, உண்மையிலேயே வேலையை விரும்பித் தேடுகிற ஆண்களை மட்டுமே அவர் கணக்கில் சேர்த்தார். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதிலேயே பாதி விடை அடங்கிவிட்டது. அன்று முதல் இன்று வரை இக்கணக்கின் குணம் மாறவில்லை.

1930-களின் பெருமந்தத்தின்போதும் அமெரிக்க அரசாங்கத்திடம் நம்பத்தக்க எண் இருக்கவில்லை. ஆளுக்கொரு மதிப்பீடு சொன்னார்கள். அந்த அனுபவத்தின் பயனாகவே 1940-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு புதிய முறை கையாளப்பட்டது. ‘உங்கள் தொழில் என்ன?’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘குறிப்பிட்ட அந்த வாரத்தில் நீங்கள் வேலை செய்தீர்களா? இல்லையென்றால் வேலை தேடினீர்களா?’ என்று கேட்டார்கள். வேலை செய்தவர் ஒரு பக்கம், தேடியவர் மறு பக்கம். இரண்டும் செய்யாதவர் கணக்கிலேயே இல்லை.

சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் ஆதரவில் கூடிய புள்ளிவிவர நிபுணர்களின் மாநாடுகள் இம்முறையை உலகுக்குப் பொதுவாக்கின. 1982-ஆம் ஆண்டு மாநாட்டின் விதி சற்று வியப்பூட்டும். அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் ஒருவர் வேலையுள்ளவரே! இதைக் கேட்டதும் ‘கண்துடைப்பு’ என்று நமக்குச் சொல்லத் தோன்றும். ஆனால் அவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்கிடும்போது எவ்வளவு சிறிய உழைப்பும் விட்டுப்போகக் கூடாது. உற்பத்திக் கணக்கும் உழைப்பாளர் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால் ஒரு மணி நேர உழைப்பையும் உழைப்பென்றே கொள்ள வேண்டும். பொருளாதார நிபுணருக்கு இந்த அளவுகோல் பொருத்தமானதே. வாரத்தில் நாலு மணி நேரம் டியூஷன் சொல்லிக் கொடுத்துவிட்டு அரசாங்க வேலைக்கு மனுப் போட்டபடி இருக்கும் எம்.ஏ. பட்டதாரிக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பது வேறு விஷயம்.

உயிர்ப் பதிவேடு

நம் நாட்டில் படித்தவர்களின் வேலையில்லாத் திண்டாட்டம் சுதந்திரத்திற்கு முன்பே பேசப்பட்ட ஒன்று. சென்னை மாகாணத்தில் 1926-27-லேயே படித்த நடுத்தர வகுப்பாரின் வேலையின்மையை ஆராய ஒரு குழு அமர்ந்தது. ஐக்கிய மாகாணத்தில் சர் தேஜ் பகதூர் சாப்ரூவின் தலைமையிலான குழு 1935-ல் அறிக்கை தந்தது. ஆனால் ஆண்டுதோறும் எண்ணுவதற்கு ஓர் ஏற்பாடு அமைந்தது, சற்றும் தொடர்பில்லாத வேறொரு காரணத்தால்.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், படையிலிருந்து விடுவிக்கப்படும் சிப்பாய்களுக்குப் பிழைப்புத் தேடித் தர வேண்டியிருந்தது. இதற்காக 1945-ல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. அடுத்து நாட்டுப் பிரிவினை வந்தது. அகதிகளுக்கும் இதே அலுவலகங்கள் பயன்பட்டன. 1948-ல் எல்லாருக்கும் கதவு திறந்துவிடப்பட்டது. 1956-ல் அன்றாட நிர்வாகம் மாநில அரசுகளின் கைக்கு வந்தது. நாம் பேச்சுவழக்கில் ‘எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்’ என்று சொல்லி வந்தது இதைத்தான்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் மதிப்பெண் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த அலுவலகத்தின் வாசலில் வரிசையில் நிற்காத குடும்பம் தமிழ்நாட்டில் அரிது. பதிவு எண் எழுதிய அட்டை ஒன்று தருவார்கள். அதை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மறந்தால் ‘சீனியாரிட்டி’ போய்விடும். அதன்பின் தட்டச்சில் லோயர் தேறினால் அதையும், ஹையர் தேறினால் அதையும், பட்டம் பெற்றால் அதையும் அட்டையில் ஏற்ற வேண்டும். இவ்வாறு காத்திருப்போரின் பட்டியலுக்கு அலுவலக மொழியில் ‘உயிர்ப் பதிவேடு’ என்று பெயர். பெயர் வைத்தவர் யாரோ, பொருத்தமாகத்தான் வைத்தார். பலருடைய உயிர் அதில்தான் ஊசலாடிக்கொண்டிருந்தது.

நாம் முதலில் பார்த்த மூன்று விடைகளில் 4 கோடி என்பது இந்த உயிர்ப் பதிவேட்டில் இருந்த பெயர்களின் தொகையாகும். இதை வேலையில்லாதோரின் எண்ணிக்கை என்று கொள்ளலாமா? கூடாது. ஏற்கெனவே தனியார் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே அரசாங்க வேலைக்காகப் பதிவை விடாமல் புதுப்பித்து வருபவர் அதில் உண்டு. கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர் உண்டு. மறுபுறம், கிராமத்தில் கூலி வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் விவசாயத் தொழிலாளி அதில் இருக்க மாட்டார். அவருக்கு அந்த அலுவலகத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும். ஆக, இப்பதிவேடு ஒருபுறம் மிகை, மறுபுறம் குறை.

என்றாலும் இதைத் தூக்கி எறிந்துவிட எனக்கு மனம் வரவில்லை. படித்தவர்கள் எத்தகைய வேலையை எதிர்பார்த்து நின்றார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஆண்டுகளில் இந்தியா முழுவதிலும் வேலைவாய்ப்பு அலுவலகங்களின் மூலம் வேலை பெற்றவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் பேர். காத்திருந்தவர்கள் 4 கோடி. புதிதாக ஒருவர்கூடப் பதிவு செய்யாமல் இருந்தாலும் வரிசை தீர 200 ஆண்டுகள் ஆகும்! மேலும் ஒரு செய்தி. அரசுத்துறையும் பெரிய தனியார் நிறுவனங்களும் சேர்ந்த அமைப்புசார்ந்த துறை முழுவதிலும் 2000-ஆம் ஆண்டில் வேலை பார்த்தவர்களே ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் பேர்தான். நாற்காலியில் அமர்ந்திருந்தவர்களைவிட நாற்காலிக்காக நின்றவர்கள் அதிகம்.

ஒரே எண்ணைக் கைவிட்ட குழு

இப்போது மற்ற இரண்டு விடைகளுக்கு வருவோம். ஐந்தாண்டுத் திட்டங்களின் தொடக்க காலத்தில் திட்டக் கமிஷன் ஒவ்வொரு திட்டத்தின் முடிவிலும் எத்தனை பேர் வேலையின்றி மிஞ்சினார்கள் என்று ஓர் எண்ணைச் சொல்லி வந்தது. முதல் திட்ட முடிவில் 53 லட்சம், இரண்டாம் திட்ட முடிவில் 71 லட்சம், மூன்றாம் திட்ட முடிவில் 96 லட்சம். திட்டத்துக்குத் திட்டம் முதலீடும் வளர்ந்தது, வேலையில்லாதோர் தொகையும் வளர்ந்தது. எதிர்க்கட்சிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எண்களை ஆராய 1968-ல் பேராசிரியர் எம்.எல். தாந்த்வாலாவின் தலைமையில் நிபுணர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1970-ல் அது தந்த அறிக்கையின் சாரம் இது: மேல்நாட்டில் பெரும்பாலோர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். அங்கே ஒருவருக்கு வேலை உண்டு அல்லது இல்லை. இந்தியாவிலோ பெரும்பாலோர் சொந்த நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் உழைக்கிறார்கள். நாலு பேர் செய்யக்கூடிய வேலையை ஆறு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். இங்கே எல்லாரையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வதில் பொருளில்லை. கிராமம், நகரம், ஆண், பெண், வயது, கல்வி என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இந்த யோசனையை ஏற்று நான்காம் திட்டத்தில் திட்டக் கமிஷன் பழைய எண்ணைச் சொல்லாமலே விட்டுவிட்டது. அரசாங்கத்துக்கு இது வசதியாகவும் அமைந்தது என்பதை மறைப்பானேன்? ஆனால் வசதியான முடிவு என்பதாலேயே அது தவறான முடிவாகிவிடாது.

இதே காலத்தில் ராஜ் கிருஷ்ணா என்ற பொருளாதார அறிஞர், ஒருவரை வேலையில்லாதவர் என்று சொல்ல நாலு அளவுகோல்கள் இருக்கின்றன என்று எடுத்துக்காட்டினார். உழைக்கும் நேரம் குறைவு, கிடைக்கும் வருமானம் குறைவு, இன்னும் வேலை செய்ய விருப்பம் இருக்கிறது, அவர் விலகினாலும் உற்பத்தி குறையாது. இந்த நாலில் எதைக் கையிலெடுத்தாலும் விடை வேறாகும். (இந்தியாவின் மந்தமான வளர்ச்சியைப் பின்னாளில் ‘இந்து வளர்ச்சி விகிதம்’ என்று பெயரிட்டுப் பரபரப்பூட்டியவரும் இவரே.)

தாந்த்வாலா குழுவின் யோசனைகளை ஒட்டி, தேசிய மாதிரி ஆய்வு தன் 27-ஆவது சுற்றில், அதாவது 1972-73-ல், வீடு வீடாகச் சென்று மூன்று அளவுகோல்களால் அளக்கத் தொடங்கியது. கடந்த ஓராண்டில் வழக்கமாக என்ன செய்தீர்கள் என்பது ஒன்று. கடந்த ஒரு வாரத்தில் என்ன செய்தீர்கள் என்பது இன்னொன்று. அந்த வாரத்தின் ஒவ்வொரு நாளையும் அரை நாள் அரை நாளாகப் பிரித்து, உழைத்த நாள் எத்தனை, வேலையின்றிக் கழிந்த நாள் எத்தனை என்று கணக்கிடுவது மூன்றாவது. 90 லட்சம் முதல் அளவுகோலின் விடை. 2 கோடியே 66 லட்சம் மூன்றாவதன் விடை.

ஓர் உதாரணத்தால் இது விளங்கும். பி.காம். பட்டதாரி ஒருவர். படிப்பு முடிந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. பகலெல்லாம் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறார், விண்ணப்பம் போடுகிறார். மாலையில் இரண்டு மணி நேரம் தந்தையின் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார். சம்பளம் கிடையாது. இவர் வேலையுள்ளவரா, இல்லாதவரா?

ஆண்டின் பெரும்பகுதியை வேலை தேடுவதில் கழித்தார் என்பதால், முதல் அளவுகோலின் கண்டிப்பான வடிவத்தில் இவர் வேலையில்லாதவர். ஆனால் ஆண்டில் 30 நாளாவது துணை வேலை செய்திருந்தால் அதையும் வேலையாகக் கொள்ளும் வடிவம் ஒன்று உண்டு. பொதுவாகச் செய்திகளில் வருவது இதுதான். அதன்படி இவர் வேலையுள்ளவர். சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலில் உதவுவதும் வேலையே. வார அளவுகோலில் ஒரு மணி நேரம் போதும், ஆகவே வேலையுள்ளவர். நாள் அளவுகோலில் நாலு மணி நேரத்துக்குக் குறைவாக உழைத்ததால் அரை நாள் வேலையுள்ளவர், அரை நாள் இல்லாதவர். உயிர்ப் பதிவேட்டிலோ முழுக்க முழுக்க வேலையில்லாதவர். பெண் வீட்டார் விசாரித்தால் என்ன சொல்வார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

படித்தவருக்கு ஏன் அதிகம்?

சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில் ஒரு ஒப்பீடு இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் இளைஞர்களுள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே வேலையில்லாதோர் விகிதம் 3.4 சதவீதம். பட்டதாரிகளிடையே 29.1 சதவீதம். படிக்காதிருந்தால் நல்லதா என்று கேட்டுவிடாதீர்கள். ஸ்வீடன் நாட்டு அறிஞர் குன்னர் மிர்தால் 1968-லேயே தம் பெருநூலில் சுட்டிக்காட்டியபடி, பரம ஏழை வேலையில்லாமல் இருக்க முடியாது. கிடைத்ததைச் செய்யாவிட்டால் அன்றைக்கு அடுப்பெரியாது. சித்தாள் வேலை, வண்டி இழுப்பது, கூடையில் காய்கறி விற்பது என்று ஏதாவது ஒன்றை அவர் செய்தே தீர வேண்டும். காத்திருக்க ஒரு வீடும் இரண்டு வேளைச் சோறும் உள்ளவரே காத்திருக்க முடியும். ஆகவே 3.4 சதவீதம் என்பதை ஏழையின் நல்வாழ்வுக்கு அடையாளமாகக் கொள்வது பெருந்தவறு.

காத்திருப்பவர் ஏன் காத்திருக்கிறார்? மார்க் பிளாக், ரிச்சர்ட் லேயார்ட், மோரீன் உட்ஹால் என்ற மூவர் இந்தியப் பட்டதாரிகளின் வேலையின்மையை ஆராய்ந்து 1969-ல் ஒரு நூல் வெளியிட்டனர். படித்து வேலையில்லாதவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள் என்றும், வயது ஏற ஏற விகிதம் விரைவாகக் குறைகிறது என்றும் அவர்கள் காட்டினர். அதாவது ஆயுள் முழுதும் வேலையில்லாதிருப்பவர் சிலரே. பெரும்பாலோர் பள்ளிக்கும் வேலைக்கும் இடையிலான வரிசையில் நிற்பவர்கள். வேலை கிடைத்தால் வரும் சம்பளத்துக்கும் வெளியில் கிடைக்கும் சம்பளத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிதாக இருக்கும்வரை வரிசையில் நிற்பது முட்டாள்தனம் ஆகாது.

நம் அண்டை நாடான இலங்கையில் இந்த வரிசை வெடித்தே விட்டது. 1971 ஏப்ரலில் அங்கு நடந்த கிளர்ச்சியில் ஈடுபட்டவர்களில் பெரும்பாலோர் படித்த கிராமப்புற இளைஞர்கள். அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் என்ற பொருளாதார அறிஞரின் தலைமையில் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் குழு ஒன்று இலங்கை நிலைமையை ஆராய்ந்தது. இலவசக் கல்வியால் எதிர்பார்ப்பு வளர்ந்தது, அதற்கேற்ற வேலை வளரவில்லை என்பது அக்குழுவின் முடிவு. வேலையில்லாதோர் இத்தனை சதவீதம் என்ற எண்ணைவிட, எத்தகைய வேலைக்காக அவர்கள் நிற்கிறார்கள் என்பதையே அது முதன்மையாகக் கொண்டது.

விகிதம் இறங்கியபோது

2017-ல் மாதிரி ஆய்வு முறை மாற்றப்பட்டு ஆண்டுதோறும் எண்கள் வரலாயின. 2017-18-ல் மொத்த விகிதம் 6.1 சதவீதம். 2022-23-ல் அது 3.2 சதவீதமாக இறங்கியது. பட்டதாரிகளிடையே 17.2-லிருந்து 13.4 ஆயிற்று. பாதியாகக் குறைந்துவிட்டதே என்று மகிழலாம். ஆனால் அதே அறிக்கைகளில் இன்னொரு பட்டியலும் உண்டு. செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு அது பெரும்பாலும் வருவதில்லை.

உழைப்பவர்களில் மாதச் சம்பள வேலையில் இருப்போர் 2017-18-ல் 22.8 சதவீதம். 2022-23-ல் 20.9 சதவீதம். சொந்தத் தொழில் செய்வோர் 52.2-லிருந்து 57.3 சதவீதமாக உயர்ந்தனர். அவர்களுள் அடங்கிய, குடும்பத் தொழிலில் சம்பளமின்றி உதவுவோர் 13.6-லிருந்து 18.3 ஆயினர். நம் மளிகைக் கடைப் பட்டதாரியை நினைவிருக்கிறதல்லவா? அவர் கடைக்கு உதவத் தொடங்கிய அன்றே விகிதம் ஒரு துளி இறங்கிவிடுகிறது. அவர் எதிர்பார்த்த வங்கி வேலை அதே தூரத்தில் இருக்கிறது. தேடித் தேடி அலுத்துப்போய்த் தேடுவதையே நிறுத்திவிட்ட பட்டதாரிப் பெண்ணும் விகிதத்தை இறக்குகிறார். தேடாதவர் கணக்கில் இல்லை என்பது 1940-லிருந்தே விதி.

எனவே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்தின் எண் பொய்யன்று. கேள்வி எதுவோ அதற்கு அது நேர்மையாகவே விடை சொல்லுகிறது. ஆனால் அது கேட்ட கேள்வி உங்கள் கேள்வியன்று. படித்தவரின் வாய்ப்பை அறிய விரும்புபவர் மொத்த விகிதத்தைத் தாண்டி, தம் வயதுக்கும் தம் படிப்புக்கும் உரிய வரியைப் பார்க்க வேண்டும். அதன் பக்கத்திலேயே மாதச் சம்பள வேலையின் பங்கு கூடியதா, குறைந்ததா என்பதையும் பார்க்க வேண்டும்.

அப்படியும் ஓர் ஓட்டை இருக்கிறது. வேலை தேடுவோரை இத்தனை விதமாக எண்ணும் நாம், காலியாக இருக்கும் வேலைகளை எண்ணுவதில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2024-ல் குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அரசு வேலையில் இவ்வாறு இரண்டு பக்கமும் தெரிகிறது. தனியார் துறையில் தெரியாது. அமெரிக்காவில் 2000 டிசம்பர் முதல் மாதந்தோறும் காலியிடங்களைக் கணக்கெடுத்து வெளியிடுகிறார்கள்.

நாமும் இதை யோசிக்காமல் இல்லை. 1959-லேயே காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இயற்றினோம். 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்களும் அரசுத்துறை நிறுவனங்களும் தங்கள் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மூன்று மாதத்துக்குள் முடியும் வேலை, விவசாய வேலை, வீட்டு வேலை போன்றவற்றுக்கு விலக்கும் உண்டு. அரசு நிறுவனங்கள் வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பியவர்களை மட்டுமே பரிசீலிப்பது நியாயமாகாது, பத்திரிகையிலும் விளம்பரம் செய்ய வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் அட்டையின் மதிப்பு மேலும் குறைந்தது. 2020-ல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் 1959 சட்டம் கரைந்துவிட்டது. வேலைவாய்ப்பு அலுவலகத்தின் இடத்தில் புதிய பெயருடன் ஒரு மையம் வந்திருக்கிறது. காலியிடத்தைத் தெரிவிக்க வேண்டும், ஆனால் அதன் வழியாக ஆளெடுக்கத் தேவையில்லை என்ற அந்தப் பழைய விதி மட்டும் மாறாமல் புதிய சட்டத்திலும் இடம் பெற்றிருக்கிறது.